‘அவனைவிட நான் பரவாயில்லை’: லூக்கா 18 பாடம் எடுக்க வேண்டும், எல்லாப் பாவமும் சமமா?

ஓய்வுநாள்_டீச்சர்:

வரும் ஞாயிறு எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் லூக்கா 18:9-14 பாடம். 15 முதல் 18 வயது வரை இருபது பேர், நேரம் 45 நிமிஷம். பரிசேயன், ஆயக்காரன் உவமை எல்லாருக்கும் மனப்பாடம்: மோசேயின் நியாயப்பிரமாணத்தைக் கறாராகக் கைக்கொள்ளும் பரிசேயன், ‘நான் மற்றவர்களைப் போல, இந்த ஆயக்காரனைப் போல இல்லை’ என்று தேவாலயத்தில் நன்றி சொல்லி, தன் உபவாசத்தையும் தசமபாகத்தையும் (பத்தில் ஒரு பங்கு காணிக்கை) எண்ணுகிறான். வரி வசூலிக்கும் ஆயக்காரன் மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் கேட்கிறான், அவனே ‘நீதிமானாக்கப்பட்டவனாய்’ வீடு திரும்புகிறான். கதையைச் சொல்லி முடித்தால் கொட்டாவிதான் மிச்சம். எனக்கு மூன்று இடத்தில் முடிச்சு விழுகிறது.

முதலாவது, ‘பாவத்தில் சின்னது பெரியது கிடையாது’ என்று கேட்டே வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். “அப்போ பரீட்சையில பார்த்து எழுதுறதும் கொலையும் ஒண்ணா டீச்சர்?” என்று கட்டாயம் வரும். ஒன்றில் தவறினாலும் எல்லாவற்றிலும் குற்றவாளி என்கிற யாக்கோபு 2:10-ஐக் காட்டி ஆமாம் என்பதா, ‘அதிக பாவம்’ என்று ஒன்றைச் சொல்கிற யோவான் 19:11-ஐக் காட்டி இல்லை என்பதா?

அடுத்தது, வகுப்பு முடிந்ததும் ‘நல்லவேளை, நாம அந்தப் பரிசேயன் மாதிரி இல்லை’ என்ற திருப்தியோடு எழுந்து போவார்கள். அதுவே பரிசேயன் ஜெபம்தானே? இதை எப்படித் தடுப்பது?

கடைசியாக, ஒத்தவாக்கிய அகராதியில் (ஒரு சொல் வரும் வசனங்களைத் தொகுத்த நூல்) ‘கிருபை’ தேடினால் சங்கீதம் 136, லூக்கா 18:13, எபேசியர் 2:8 எல்லாம் ஒரே வரிசையில் வருகின்றன. எல்லாம் ஒரே பொருள்தானா?

---

மூலமொழி_வாசகன்:

டீச்சர், கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். அங்கேதான் நம் பைபிள் கொஞ்சம் காலை வாருகிறது.

சபைகளில் வாசிக்கும் பழைய திருப்புதல் மொழிபெயர்ப்பில் ‘கிருபை’ என்ற ஒரே சொல் மூன்று மூலச் சொற்களின் வேலையைப் பார்க்கிறது. சங்கீதம் 136-ல் 26 வசனத்திலும் வரும் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ எபிரெயத்தில் ஹெசெத்: உடன்படிக்கை செய்தவர் கைவிடாமல் காட்டும் பற்று. எபேசியர் 2:8-ல் இருப்பது கிரேக்கத்தின் காரிஸ்: தகுதி பாராத கொடை. ‘பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்’ என்று ஆயக்காரன் கேட்கும்போது அவன் வாயில் வரும் சொல் ஹிலாஸ்தேத்தி. இது பலிபீடத்தைச் சேர்ந்த வினை. புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது: எபிரெயர் 2:17, ‘பாவங்களை நிவிர்த்தி செய்வதற்கேதுவாக’. ரோமர் 3:25-ல் ‘கிருபாதாரபலி’, எபிரெயர் 9:5-ல் ‘கிருபாசனம்’ என்று வருவதும் இதே வேரிலிருந்து பிறந்த பெயர்ச்சொல்.

இது பாடத்துக்கு ஏன் தேவை என்றால், ‘கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க சாமி’ என்ற தொனியில் அவன் கேட்கவில்லை. தேவாலயத்தில், பலி நடக்கிற இடத்தில் நின்றுகொண்டு, ‘இந்தப் பரிகாரம் எனக்கும் ஆகட்டும்’ என்று கேட்கிறான். தன் கணக்கைத் தானே தீர்க்க முடியாது என்பது அந்த வினையிலேயே இருக்கிறது.

இன்னொன்று. ‘பாவியாகிய’ என்ற இடத்தில் கிரேக்கத்தில் சுட்டுச்சொல் ஒன்று உண்டு. ‘ஒரு பாவி’ என்று அவன் சொல்லவில்லை, ‘அந்தப் பாவி’ என்கிறான், உலகத்தில் வேறு பாவியே இல்லாதது போல. தமிழில் அது வராது, மொழிபெயர்ப்பாளர்மேல் குற்றமில்லை. ஆனால் உவமையின் முள் அங்கேதான் இருக்கிறது: பரிசேயன் ஜெபத்தில் கூட்டமே இருக்கிறது, ஆயக்காரன் ஜெபத்தில் இரண்டே பேர். எண்ணிப் பாருங்கள், மூலத்தில் பரிசேயனின் ஜெபம் 29 சொல், ஆயக்காரனுடையது 6.

பரிசேயனைப் பற்றி இரண்டு விஷயத்தைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். அவன் பொய் சொல்லவில்லை. நியாயப்பிரமாணம் எல்லாருக்கும் கட்டளையிட்ட உபவாசம் வருஷத்துக்கு ஒரே நாள், பாவநிவாரண நாள் (லேவியராகமம் 16:29). இவன் வாரம் இரண்டு, அதாவது வருஷத்துக்கு நூற்றுக்கு மேல். தசமபாகம் முக்கியமாகத் தானியம், திராட்சரசம், எண்ணெய்க்கு (உபாகமம் 14:23). இவன் சம்பாத்தியம் முழுவதுக்கும் கொடுக்கிறான். எந்தச் சபையிலும் பொருளாளர் பொறுப்புக்கு முதலில் கேட்கப்படுகிற ஆள்.

இரண்டாவது, அவன் ‘என் சாமர்த்தியம்’ என்று மார்தட்டவில்லை. ‘உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்’ என்றுதான் ஆரம்பிக்கிறான். தன் ஒழுக்கம் தேவன் கொடுத்தது என்று அவனுக்குத் தெரியும். இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ‘கிரியையை நம்பியவன் தோற்றான், கிருபையை நம்பியவன் ஜெயித்தான்’ என்று சுருக்கினால் பாதிதான் சரி. பெற்ற கிருபையையே அளவுகோலாக்கி, பக்கத்தில் நிற்பவனை அளந்தான். அதனால்தான் இது நம்மைத் தொடுகிறது. ‘கர்த்தர் என்னை மட்டும் எப்படிக் காப்பாத்தினார் பாருங்க, அவங்க வீட்டைப் பாருங்க’ என்று சாட்சி நேரத்தில் எத்தனை முறை கேட்கிறோம்.

ரோமர் 3:24-ல் ‘இலவசமாய்’ என்று வரும் சொல்லையும் (தோரேயான்) ஒரு நிமிஷம் காட்டலாம். நம் ஊரில் இலவசம் என்றால் ரேஷன் கார்டும் வரிசையும் தகுதிப் பட்டியலும் நினைவுக்கு வரும். யோவான் 15:25-ல் ‘முகாந்தரமில்லாமல் என்னைப் பகைத்தார்கள்’ என்ற இடத்திலும் அதே சொல்தான். அவரைப் பகைக்க அவரிடம் முகாந்தரம் இல்லை, நம்மை நீதிமானாக்க நம்மிடம் முகாந்தரம் இல்லை.

---

மறைக்கல்வி_ஆசிரியர்:

கத்தோலிக்கத் தரப்பிலிருந்து முதல் கேள்விக்கு.

எங்கள் போதனையில் எல்லாப் பாவமும் சமம் கிடையாது. சாவான பாவம், அற்பப் பாவம் என்று பழைய ஞானோபதேசத்திலிருந்தே (மறைக்கல்விப் பாடம்) பிரித்துச் சொல்கிறோம். சாவான பாவமாக மூன்றும் ஒன்றாகக் கூட வேண்டும்: காரியம் கனமானதாக இருக்க வேண்டும், அது கனமானது என்று முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டும், மனதார இசைந்து செய்திருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் கணக்கு மாறும். 1992-ல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 1857-ஆம் எண்ணில் இது இருக்கிறது. வேதத்தில் ஆதாரம் கேட்டால் 1 யோவான் 5:16-17. கூடவே லூக்கா 12:47-48: எஜமான் சித்தம் தெரிந்தும் செய்யாதவனுக்கு அநேக அடி, தெரியாதவனுக்குச் சில அடி.

இந்த மூன்று நிபந்தனையைக் கவனியுங்கள். பிறத்தியான் செய்ததில் வெளியே தெரிவது முதலாவது மட்டும்தான். அவனுக்கு எவ்வளவு தெரியும், எந்த நெருக்கடியில் இசைந்தான் என்பது நம் கண்ணுக்கு எட்டாது. பாவத்தில் தரம் உண்டு. ஆனால் தராசு நம் கையில் இல்லை.

யாக்கோபு 2:10 ‘எல்லாப் பாவமும் சமம்’ என்பதற்கு ஆதாரமாக ஓடாது. மேலே முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள்: பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், கந்தை உடுத்தினவனுக்கு ‘அங்கே நில்’. ஆளை ஒப்பிட்டு இடம் கொடுக்கிற பட்சபாதத்தைக் கண்டிக்கிற பகுதி அது. ‘கொலை செய்யவில்லையே’ என்று தப்பிக்கப் பார்க்கிறவனிடம், கட்டளை கொடுத்தவர் ஒருவரே, ஒன்றை மீறினாலும் அவரைத்தான் மீறினாய் என்கிறார். எடை சமம் என்று அங்கே எங்கும் இல்லை. நம் நாட்டில் இந்தப் பகுதிக்கு நேரடி வேலையும் இருந்தது. 1833-ல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவு அனுப்பியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. எந்தப் பக்கம் யார் உட்காருவது என்பதும் அந்தச் சண்டையில் சேர்த்தி.

ஒப்பிடுவதைப் பற்றி: பழைய ஞானோபதேசத்தில் தலையான பாவங்கள் ஏழு. அதில் ஆங்காரமும் காய்மகாரமும் ஒரே பழக்கத்தின் இரண்டு முனை. கீழே பார்த்து ஒப்பிட்டால் ஆங்காரம், மேலே பார்த்து ஒப்பிட்டால் காய்மகாரம். ‘பொறாமை’ என்பதைவிட ‘காய்மகாரம்’ எவ்வளவு பொருத்தமான சொல்! அடுத்தவன் வாழ்ந்தால் உள்ளே காய்கிறது.

பாவசங்கீர்த்தனத்திலும் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவது) இதே கோளாறு வரும். ‘மாமியார் அப்படிப் பேசினாங்க சாமி, அதனாலதான்...’ என்று ஆரம்பித்தால் மாமியார் பாவம்தான் முழுசாக வெளியே வரும். சொல்ல வேண்டியது தன் பாவம், அதுவும் சாவான பாவமானால் வகையும் எண்ணிக்கையும் (திரிதெந்து என்ற கத்தோலிக்கப் பொதுச்சங்கம், 1551). கூட்டாளியின் பெயரைக் குருவே கேட்கக்கூடாது என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 979 சொல்கிறது. ஒப்பீட்டுக்கு அங்கே கதவே இல்லை. பூசையின் தொடக்கத்தில் ‘என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே’ என்று மார்பில் தட்டுகிறோமே, அது ஆயக்காரனின் கைதான்.

---

சந்தேகத்_தோமா:

எல்லாம் சரி ஐயா. தரம் உண்டு என்று சொன்னவுடனே ‘அப்போ என்னுடையது அற்பம், அவனுடையது சாவானது’ என்று பையன்கள் ஆரம்பித்துவிட மாட்டார்களா? ஒப்பிடாதே என்று சொல்ல வந்து ஒப்பிட அளவுகோலை நாமே கையில் கொடுக்கிறோம்.

இன்னொன்று, இலவசம் என்றால் ஏன் ஒழுங்காக வாழணும்? இதையும் கேட்பார்கள்.

---

பழைய_உபதேசியார்:

தம்பி தோமா கேட்டதற்குப் பதில் லூக்கா 7:41-42-ல் இருக்கிறது. ஒருவனுக்கு ஐந்நூறு வெள்ளிக்காசு கடன், மற்றவனுக்கு ஐம்பது. ஒரு வெள்ளிக்காசு ஒரு நாள் கூலி, மத்தேயு 20:2-ல் அந்தக் கணக்கு இருக்கிறது. ஆக ஒருவனுடையது ஏறக்குறைய இரண்டு மாத உழைப்பு, மற்றவனுடையது ஒன்றரை வருஷத்துக்கும் மேல். இரண்டும் ஒன்று என்று இயேசு சொல்லவில்லை. அடுத்த வரியைப் பாருங்கள்: ‘நிர்வாகமில்லாதபோது, இருவருக்கும்’ மன்னித்துவிட்டான், அதாவது திருப்பிக் கொடுக்க வழியில்லாதபோது. தொகை வேறு, கையில் ஒன்றும் இல்லாமை ஒன்று. கொலையும் காப்பியடித்ததும் ஒன்றா என்ற கேள்விக்கு இந்த இரண்டு வசனம் போதும். வேறெங்கும் அலைய வேண்டாம்.

டீச்சருக்கு 45 நிமிஷத்தை இப்படிப் பிரிக்கச் சொல்வேன்.

நாடகம் போடாதீர்கள். பரிசேயன் வேஷம் போட்டவன் மூக்கைத் தூக்கிக்கொண்டு நடப்பான், எல்லாரும் சிரிப்பார்கள், பாடம் அங்கேயே செத்துவிடும். ஏனென்றால் சிரித்த நொடியிலேயே அவர்கள் அவனைவிட நல்லவர்களாகிவிட்டார்கள். வசனத்தை மட்டும் ஒருவரை வாசிக்கச் சொல்லி, ஐந்து நிமிஷத்தில் ஆட்களை இன்றைக்குக் கொண்டுவாருங்கள்: ஒழுங்காகத் தசமபாகம் கொடுக்கிற, உபவாச ஜெபம் தவறாத அண்ணன் ஒருவர். கந்துவட்டி வசூலுக்கு வீட்டு வாசலில் வந்து நிற்கிற ஆள் ஒருவன். ஆயத்துறையைக் குத்தகை எடுத்து ஜனங்களிடம் கூடுதலாகப் பிடுங்கியவர்கள்தான் அந்தக் கால ஆயக்காரர்கள். ஆயக்காரன் என்றால் ‘ஐயோ பாவம்’, ஏழை, நல்ல மனுஷன் என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். அந்த நினைப்பு உடைந்தால்தான் 14-ஆம் வசனம் அதிர்ச்சியாக இருக்கும்.

அடுத்த பத்து நிமிஷம், ஆளுக்கு ஒரு சின்னக் காகிதம். பக்தி காரியத்தில் தான் ஒழுங்காகச் செய்கிற மூன்றை எழுதட்டும். எழுதி முடித்த பிறகுதான் அடுத்ததைச் சொல்ல வேண்டும்: ‘ஒவ்வொன்றையும் எழுதும்போது, இதைச் செய்யாத யார் முகம் நினைவுக்கு வந்ததோ, பக்கத்தில் அவர் பெயரின் முதல் எழுத்தைப் போடு.’ முதலிலேயே சொல்லிவிட்டால் உஷாராகிவிடுவார்கள். காகிதத்தை வாங்காதீர்கள், படிக்கச் சொல்லாதீர்கள். அவர்களே கிழித்துப் பையில் போட்டுக்கொள்ளட்டும். உங்கள் இரண்டாவது கேள்விக்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான். பரிசேயனைப் பற்றிப் பேசினால் தப்பித்துக்கொள்வார்கள், தன் கையெழுத்திலிருந்து தப்பிக்க முடியாது.

சிலர் எதுவுமே எழுத மாட்டார்கள், ‘நான் எல்லாரையும்விட மோசம்’ என்று தலையைக் குனிந்துகொள்வார்கள். அதைத் தாழ்மை என்று பாராட்டிவிடாதீர்கள். அதுவும் ஒப்பீடுதான், தலைகீழாக. கலாத்தியர் 6:4-ஐக் காட்டுங்கள்: மற்றவனைப் பார்க்கும்போதல்ல, தன் கிரியையைச் சோதித்துப் பார். பவுல் ‘பிரதான பாவி நான்’ என்று சொன்ன கையோடு அடுத்த வசனத்தில் இரக்கம் பெற்றதைச் சொல்லிவிடுகிறார் (1 தீமோத்தேயு 1:15-16). முந்தின வசனத்தில் மட்டும் உட்கார்ந்துகொள்வதில்லை.

பிறகு பதினைந்து நிமிஷம் பலகைக் கணக்கு. 500, 50 முதலில். நேரம் இருந்தால் மத்தேயு 18:23-35: ராஜா பதினாயிரம் தாலந்து கடனை மன்னித்த வேலைக்காரன், தன்னிடம் நூறு வெள்ளிக்காசு கடன்பட்ட உடன்வேலைக்காரனை மன்னிக்காத உவமை. ஒரு தாலந்து 6,000 வெள்ளிக்காசு, பதினாயிரம் தாலந்து என்றால் 6 கோடி. வருஷம் 300 நாள் வேலை என்று வைத்தாலும் 2 லட்சம் வருஷக் கூலி. உடன்வேலைக்காரன் கடன் 100. விகிதம் 6 லட்சத்துக்கு ஒன்று. இங்கே ஒரு தப்பு நடக்கும்: ‘நூறெல்லாம் ஒரு காசா’ என்று சொல்லிவிடுவோம். நூறு நாள் கூலி சின்னத் தொகை இல்லை. மூன்று மாதம் வயிற்றைக் கட்டினால்தான் சேரும். ஒருவனுக்கு நடந்த அநியாயத்தை உவமை சின்னதாக்கவில்லை.

இதை அழுத்திச் சொல்கிறேன். ‘எல்லாரும் பாவிதான், மன்னிச்சிடு’ என்ற வாக்கியத்தை அடிபட்ட பிள்ளையின் வாயை அடைக்கப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. லூக்கா 17:3-ல் ‘கடிந்துகொள்’ என்பது ‘மன்னிப்பாயாக’ என்பதற்கு முன்னால் வருகிறது. உங்கள் வகுப்பில் 18 நிரம்பாதவர்கள்தான் பெரும்பாலும். பாவம், மன்னிப்பு என்று பேசும்போது யாராவது தனக்கு நடந்த பாலியல் கொடுமையை வந்து சொல்லலாம். அப்போது ஜெபித்து அனுப்பிவிட்டு இருக்க முடியாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி தெரிந்தவர் காவல்துறைக்குத் தகவல் கொடுத்தே ஆகவேண்டும், மறைத்தால் 21-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. சபை மூப்பர்களிடம் சொன்னது புகார் கொடுத்ததாகாது.

மிச்சம் கேள்விகளுக்குப் பத்து நிமிஷம், அமைதிக்கு ஐந்து. ‘எத்தனை பேர் ஒப்புக்கொடுத்தீங்க, கை தூக்குங்க’ மட்டும் வேண்டாம். கை தூக்கினவன் தூக்காதவனைப் பார்ப்பான், மறுபடியும் முதலிலிருந்து.

தம்பியின் இரண்டாவது கேள்வி: தீத்து 2:11-12-ல் தேவகிருபை ‘போதிக்கிறது’ என்று வருகிறது. எபிரெயர் 12:6-ல் ‘சிட்சித்து’ என்பதும் கிரேக்கத்தில் அதே வினைதானே? மூலமொழிக்காரர் சொல்லட்டும்.

---

மூலமொழி_வாசகன்:

அதே வினைதான், ஐயா. பைதெயூவோ, பிள்ளையைக் கண்டித்து வளர்ப்பது. கிருபை கடனைத் தள்ளிவிட்டுப் போய்விடுவதில்லை, வாத்தியாராக வீட்டிலேயே தங்கிவிடுகிறது. அடுத்த அதிகாரத்திலேயே சகேயு இருக்கிறானே, அவன் பிரதான ஆயக்காரன். ஏமாற்றியதை ஒப்புக்கொண்டு திருப்பித் தருகிறவனுக்கு நியாயப்பிரமாணம் கேட்டது முதலும் ஐந்தில் ஒரு பங்கும் (லேவியராகமம் 6:5). அவன் கொடுத்தது நாலத்தனை. இயேசு வீட்டுக்கு வந்த பிறகுதான் கொடுத்தான், வரவழைக்கக் கொடுக்கவில்லை.

‘நீதிமானாக்கப்பட்டவனாய்’ என்ற சொல்லை வைத்து, அறிவிக்கப்பட்ட நீதியா, உள்ளே ஊற்றப்பட்ட நீதியா என்று லுத்தரன்களும் கத்தோலிக்கரும் நானூறு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டினார்கள். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். வாலிபர் வகுப்பில் அதற்குள் போனால் திரும்பி வரமுடியாது.

---

கிழக்குச்_சாளரம்:

ஒரு திருத்தமும் ஒரு தகவலும்.

‘பரிசேயன்’ என்பதை ‘வேஷக்காரன்’ என்பதற்கு இன்னொரு பெயராக்காதீர்கள். ஏரோது கொல்லப் பார்க்கிறான் என்று இயேசுவை எச்சரித்தவர்கள் பரிசேயர் (லூக்கா 13:31), அப்போஸ்தலருக்காக ஆலோசனைச் சங்கத்தில் பேசிய கமாலியேல் பரிசேயன், பவுலும் பரிசேயன். ‘அந்த யூதர்கள் அப்படித்தான்’ என்று வகுப்பில் ஒருவன் சொன்னாலே உவமையின் பரிசேயன் எழுந்து நின்றுவிட்டான் என்று அர்த்தம்.

வாரம் இரண்டு உபவாசத்தை வைத்து ஒரு நல்ல உதாரணம். முதல் நூற்றாண்டை ஒட்டிய ‘திதக்கே’ என்ற சபை ஒழுங்கு நூல், மாயக்காரரைப் போலத் திங்களும் வியாழனும் உபவாசிக்காதீர்கள், புதனும் வெள்ளியும் உபவாசியுங்கள் என்கிறது. இரண்டுதரம் என்பது அப்படியே, கிழமை மட்டும் மாறியது! கிழக்கத்திய பைசந்திய மரபுச் சபைகள் இந்த ஆபத்தைக் கண்டுகொண்டன போல. தவக்கால ஆயத்தத்தின் முதல் ஞாயிறே ‘ஆயக்காரன், பரிசேயன் ஞாயிறு’. அதை அடுத்த வாரம் வழக்கமான புதன், வெள்ளி உபவாசமும் கிடையாது. பெரிய உபவாசத்துக்குள் நுழையும் முன் ஒரு வாரம் எல்லாரையும் கட்டாயமாகச் சாப்பிட வைக்கிறார்கள், பரிசேயன் மாதிரிக் கணக்குச் சொல்லக்கூடாதென்று.

---

ஓய்வுநாள்_டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. காகிதப் பயிற்சியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், நாடகத்தை நிறுத்திவிட்டேன் (வேஷ்டி, தாடி எல்லாம் தயாராக இருந்தது). உபதேசியார் ஐயாவிடம் ஒன்றே ஒன்று: கடைசி மணியில் வந்தவனுக்கும் அதே கூலி என்ற மத்தேயு 20-ஐயும் சேர்க்கலாமா? ‘சின்ன வயசிலிருந்து ஒழுங்கா இருந்த எனக்கு என்ன லாபம்’ என்று கேட்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள்.

---

பழைய_உபதேசியார்:

அந்த 45 நிமிஷத்துக்குள் சேர்க்காதீர்கள் அம்மா, அடுத்த வாரத்துக்கு வையுங்கள். அந்தப் பெண்ணிடம் மட்டும் 15-ஆம் வசனத்தைத் தனியாகக் காட்டுங்கள். ‘நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா’ (பொறாமைப்படலாமா) என்று எஜமான் கேட்கிறான். முதலில் வந்தவர்களின் கூலியில் ஒரு காசு குறையவில்லை. பேசின ஒரு பணம் கைக்கு வந்தது. பக்கத்து ஆளின் கையைப் பார்த்த பிறகுதான் அது குறைவாகத் தெரிந்தது. விடியற்காலம் தொட்டு வேலை இருந்ததே, பதினோராம் மணி வரை ‘யாரும் கூப்பிடலையே’ என்று சந்தையில் நின்றவன் பாடு எப்படி இருந்திருக்கும் என்று அவளிடமே கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

பலகையில் 6 கோடி எழுதும்போது பூஜ்யம் ஏழு. எண்ணிப் போடுங்கள், பையன்கள் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள்.